வேம்புவின் சம்பளம் (செயலாளர் குறிப்புகளுடன்)

1

இந்தக் கதை ஒரு பாத்திரக்கடையால் பிறந்தது. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்க விளம்பரம் தருவதாகச் சொல்லியிருந்த கடைக்காரர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். மற்ற பக்கங்கள் எல்லாம் அச்சுக்குத் தயாராகிவிட்டன. செயலாளர் பலராமன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“வெறும் பக்கமா விட்டாலும் பிரஸ்காரன் காசு வாங்கிடுவான் சார். நீங்கதான் கதை எழுதறீங்களே, ஒண்ணு எழுதிக் குடுங்க. சும்மா விடறதுக்கு அது பரவாயில்ல.”

என் எழுத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையான மதிப்புரை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

புதுவை மாநில வரி செலுத்துவோர் விழிப்புச் சங்கம் என்பது எங்கள் பெயர். பெயர் நீளம், சங்கம் சிறியது. முதலியார்பேட்டையில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியில் கூடுகிறோம். அரசுப் பணம் எங்கே வீணாகிறது என்று நேரில் போய்ப் பார்ப்போம். பார்த்ததை அறிக்கையாக்கி, வரவுசெலவுக் கூட்டத்தொடருக்கு முன்னால், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கொடுப்போம். தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் வீட்டு வாசலில் நின்று, ஊதாரித்தனம் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்துக் கேட்போம். சிலர் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் தேநீர் கொடுப்பார்கள். அந்தத் தேநீரை வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. வேலையாகப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது.

பலராமன் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கதையை அச்சுக்குக் கொடுக்கும் முன் தணிக்கை செய்வேன் என்றார். வெட்டக் கூடாது, வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஒரே ஒரு பகுதியை மட்டும் வெட்டும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு அவர் சம்மதித்தார்.

[செ.கு.: மேற்படி ஒப்பந்தம் சரியே. “ஊதாரித்தனம்” என்பது உறுதிமொழித் தாளில் இல்லாத சொல். அதில் இருப்பது “தேவையற்ற செலவினம்”.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

கடல் அன்று கோபமாக இருந்தது.

[செ.கு.: இதை யார் சரிபார்த்தது?]

இரண்டாவது தொடக்கம்:

வேம்புவுக்குக் கடலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவனுடைய அப்பாவும் அவருடைய

பாதியில் விட்டுவிட்டேன். இது பொய். வேம்புவுக்கு மொபைல் போனில் படம் எடுக்கத் தெரியும், கிரிக்கெட் தெரியும், எந்த அதிகாரி எந்தக் கிழமையில் நல்ல மனநிலையில் இருப்பார் என்பதும் தெரியும். மீனவக் குப்பத்தில் பிறந்தவனைப் பற்றி எழுதும்போது பேனா தானாகவே கடலின் மைந்தன் என்ற பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. இழுவிசைக்குள் போகக் கூடாது என்பது இந்தக் கதையிலேயே பிறகு வரும் பாடம்.

மூன்றாவது தொடக்கம்:

சரிதாவின் செருப்பு காணாமல் போனது.

[செ.கு.: இது சரி. ரசீது கோப்பில் உள்ளது.]

3

சரிதா எங்கள் உறுப்பினர். காலாப்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆர்வமாக வேலை செய்கிறவள். அங்கேயே வேலை என்பதால், காலாப்பட்டுக்கு வடக்கே உள்ள கடற்கரையைக் கவனிக்கும் பொறுப்பு அவளிடம் கொடுக்கப்பட்டது.

அந்தக் கரையில் உயிர்காப்பாளர் ஒருவரை ஒப்பந்தத்தில் நியமித்திருக்கிறார்கள். அவர்தான் வேம்பு. குளிக்க இறங்குகிறவர்கள் மூழ்கினால் காப்பாற்ற வேண்டும். சம்பளம் பொதுப்பணம். ஆனால் கடந்த ஆண்டில் அவர் ஒருவரைக்கூடக் காப்பாற்றியதாகப் பதிவு இல்லை. பலராமன் ஒரு மீட்புக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்த்தார். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சந்தேகம் வந்தது.

எங்கள் கவனிப்புத் தாளில் நான்கு கலங்கள் உண்டு: மீட்பு, விசில் எச்சரிக்கை, ஓய்வு, பிற பணி. கவனிக்கப் போகிறவர் தான் யார் என்று சொல்லக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. சரிதா சில ஞாயிற்றுக்கிழமைகளில் குடையும் தாளுமாகப் போய் உட்கார்ந்தாள். முதல் இரண்டு கலங்களிலும் எழுத எதுவும் நடக்கவில்லை. வேம்பு விசிலைத் தொடவே இல்லை. மனிதர் நாள் முழுவதும் சுற்றுலா வந்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “அண்ணே வாங்க, குடுங்க போன, நான் எடுக்கறேன். இப்டி நில்லுங்க. அக்காவையும் கூப்புடுங்க.” நான்காம் கலம் நிரம்பி வழிந்தது.

அறிக்கையின் ஏழாம் பக்கம் அப்படித்தான் உருவானது. மீட்பு இல்லை, எச்சரிக்கை இல்லை, பணி நேரத்தில் புகைப்படம் எடுத்தல். இந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தேவையில்லை. பிரதிகள் அச்சாகி வந்துவிட்டன. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் இப்போதே போன் செய்து, அந்தப் போட்டோ விஷயத்தை மட்டும் முன்னாடியே அனுப்ப முடியுமா, அண்ணன் சபையில் பேசுவார் என்று கேட்டிருக்கிறார். வேம்புவின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

சங்கத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். போன வருடம் ஓர் அரசு விருந்தினர் இல்லத்தில் நல்ல திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டுப் புதுத் திரைச்சீலை மாட்டுவதை நாங்கள் நிறுத்தினோம். அதே வருடம் ஒரு பள்ளியின் குடிநீர்க் குழாயில் மறுபடி தண்ணீர் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பலராமன் நம்புகிறார். நானும் நம்ப விரும்புகிறேன்.

[செ.கு.: தொடர்பு உண்டு. ஆதாரம் தனியே தரப்படும்.]

4

சங்கத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. கவனிப்பு வேலைக்குப் போனவர் பஸ் கட்டணம் தவிர வேறு எதற்குப் பணம் கேட்டாலும், கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். மற்றவர்களின் செலவைக் கேள்வி கேட்கிறவர்கள் முதலில் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தலைவி சுலோசனா அம்மாள் கொண்டுவந்த ஏற்பாடு. அவர் வழக்கறிஞர். ஏறக்குறைய எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுவார்கள். சரிதா கேட்டாள். புதுச் செருப்பு. கடற்கரைக்குப் போன அன்று காலையில்தான் வாங்கியது.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். பேச்சை நினைவில் இருந்து எழுதுகிறேன்.

“செருப்பு எப்படிம்மா போச்சு?” என்றார் பலராமன்.

“அலையில போச்சு சார்.”

“கவனிக்கப் போனவங்க அலைகிட்ட ஏன் போகணும்?”

“வேலை முடிஞ்சுது சார். தாளெல்லாம் பையில வச்சுட்டேன். வந்தது வந்தோம், கால் நனைக்கலாம்னு போனேன். செருப்ப அவுத்து பக்கத்துலயே வச்சிருந்தேன்.”

“வேலை முடிஞ்சப்புறம் போனதுக்கு சங்கம் எப்படிக் குடுக்கும்?”

“சார், அந்த ஆளாலதான் போச்சு. அவன் மட்டும் கூப்புடலன்னா நான் பாத்துனு இருந்திருப்பேன்.”

“எந்த ஆளு?”

“அதான், ஏழாம் பக்கம். வேம்பு. அக்கா, ஒரு போட்டோ எடுக்கட்டுமா, அங்க வேணாம், மேல வாங்க, வெளிச்சம் இங்கதான் இருக்குதுன்னான். நான் வேணாம்னேன். சும்மா வாங்கக்கான்னு விடவே இல்ல. சரின்னு ஏறி வந்தேன். அவன் எடுத்துட்டு என் போன எங்கிட்ட குடுத்தான். திரும்பிப் பாக்கறேன், செருப்பும் இல்ல, செருப்பு இருந்த மண்ணும் இல்ல. குழியா கெடக்குது, தண்ணி சுத்துது.”

“ஆக, அவன் கூப்பிட்டதால உங்க கவனம் திரும்பிச்சு. செருப்பு போச்சு.”

“ஆமா சார். அதத்தான் சொல்றேன். கடமையில இருக்கறவரு பொதுமக்கள் பொருள் போறதுக்குக் காரணம் ஆயிட்டாரு. அதையும் ஏழாம் பக்கத்துல சேக்கணும்.”

பலராமன் தாளில் எழுத ஆரம்பித்தார். அவர் எதையும் முழுதாக விசாரிக்காமல் எழுதுவதில்லை.

“கூப்பிடலன்னா நீங்க எங்க இருந்திருப்பீங்க?”

“அங்கயேதான்.”

“அங்கயேன்னா எங்கம்மா? இடத்த சரியா சொல்லுங்க.”

“செருப்புகிட்ட சார்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. நின்றபடியே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பலராமனின் பேனா தாள்மேல் இருந்தது, நகரவில்லை. கீழே தட்டச்சு நிலையத்தில் யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுலோசனா அம்மாள்தான் முதலில் பேசினார். “பலராமன், இத நாலு கலத்துல எதுல எழுதறது?”

பலராமன் நாலு கலங்களையும் ஒருமுறை பார்த்தார். “செருப்பு க்ளைம் விதிப்படி இல்ல,” என்றார். பிறகு, “ஒரு ஜோடி செருப்ப வச்சு அறிக்கைய மாத்த முடியாது மேடம். நமக்குப் புடிச்ச ஒருத்தருக்காக ஒரு பக்கத்த எடுத்தோம்னா, நாளைக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருத்தர் வந்து நிப்பாரு. திரைச்சீலை தைச்சவனுக்கும் குடும்பம் இருந்துச்சு.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏழாம் பக்கத்தைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும், அதுவரை அறிக்கை யாருக்கும் போகக் கூடாது என்று முடிவாயிற்று.

[செ.கு.: உரையாடல் பெரும்பாலும் சரி. பேனா நகரவில்லை என்பதற்குக் காரணம் மை தீர்ந்தது.]

5

[செ.கு.: இந்தப் பகுதி நீக்கப்பட்டது. கடல் வருணனை.]

6

எழுதும்போது எனக்கு வேம்பு மேல் சந்தேகம் வந்தது. நான்காம் பகுதியில் அவர் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராகிவிட்டார். கதையில் ஒருவர் அவ்வளவு நல்லவராக இருந்தால் எழுதுகிறவன் சோம்பேறி என்று அர்த்தம். எனவே ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பஸ் ஏறினேன்.

வேம்பு ஒல்லியான ஆள். சிவப்புச் சட்டை, கழுத்தில் விசில். நான் யார் என்று சொன்னதும் சிரித்தார்.

“குடை புடிச்சுனு ஒரு டீச்சரம்மா எழுதிட்டே இருந்தாங்களே, அந்த ஆளுங்களா? நான் ஏதோ ஓட்டு லிஸ்ட்டு எடுக்கறாங்கன்னு நெனச்சேன்.”

“விசில் ஏன் ஊதறதில்ல?”

“ஊதினா கை தட்டறானுங்கண்ணே. இன்னும் நாலடி உள்ள போறானுங்க. சனி ஞாயிறு வர்றவன்லாம் எங்க, என்னா போட்டுட்டு வர்றான்னு உங்களுக்குத் தெரியாதா? அவங்கிட்ட போகாதன்னா போவான். போட்டோ எடுக்கறேன்னா வருவான். கடலு பின்னால பெருசா தெரியணும்னா நீ கரையிலதான்டா நிக்கணும்னு சொல்லுவேன். இந்த ஓரத்துல பள்ளம் விழுந்து விழுந்து மூடும், மேல பாத்தா தெரியாது, கால வச்சா உள்ள இழுத்துடும்.”

“இத எங்கயாவது எழுதி வைக்கறீங்களா?”

“என்னான்னு எழுதறது? இன்னைக்கி யாரும் சாவலன்னா?”

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அப்போது ஓர் இளைஞன் வந்து, முன்பு எடுத்த படத்துக்காக அவர் கையில் பணம் வைத்துவிட்டுப் போனான். வேம்பு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார்.

“அஞ்சு பத்து குடுத்தா வாங்கிப்பேன்ணே. மறைக்கல. சும்மா எடுத்தா ஒரு போட்டோ ஆச்சுன்னு மறுபடி தண்ணிக்குப் போயிடுவான். காசு குடுத்தா நின்னு போஸ் குடுப்பான். நல்லா வரல, இன்னொண்ணு எடுன்னுவான். அரை மணி நேரம் கரையிலயே கெடப்பான்.” பிறகு தானே சிரித்தார். “எங்க வீட்டுக்காரம்மா கன்னியம்மா சொல்லுவா, இதுக்குப் பேசாம ஸ்டூடியோ வச்சிருக்கலாம்னு.”

அவர் சொன்ன காரணம் உண்மையா, வாங்கிய பிறகு கண்டுபிடித்ததா? எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம்.

மாதக் கடைசியைப் பற்றிக் கேட்டேன். மீன்பிடி போட்டில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னார். புதுப்பிக்காவிட்டால் மறுபடி அதே போட்டில் கூலிக்குப் போக வேண்டும்.

[செ.கு.: பணி நேரத்தில் பணம் பெற்றதை அறிக்கையில் சேர்க்க வேண்டும்.]

[செ.கு.: மேற்படி குறிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறேன்.]

7

முடிவுகள்.

(அ) ஒப்பந்தம் முடிகிறது. வேம்பு போய்விடுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் மூழ்கி இறக்கிறார். சங்கம் தலைகுனிகிறது.

வாசகர் எதிர்பார்ப்பது இதுதான் என்று எனக்குத் தெரியும். எழுதிப் பார்த்தேன். இறக்க வேண்டியவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பெயர் வைத்ததும் ஓர் ஊர் வந்தது, ஊர் வந்ததும் வாசலில் காத்திருக்கும் ஒரு தாய் வந்தாள். அங்கே நிறுத்திவிட்டேன். ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக, காகிதத்தில்கூட, நான் யாரையும் கடலில் தள்ளமாட்டேன். தினமும் காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்காருகிறவன். அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

(ஆ) சரிதா சபை வாசலில் நின்று பேசுகிறாள். எல்லாக் கட்சியினரும் கண் கலங்குகிறார்கள். வேம்புவுக்குப் பணி நிரந்தரம்.

[செ.கு.: எந்த நிதித் தலைப்பில்?]

(இ) சரிதா புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு

இதையும் விட்டுவிட்டேன். அவள் இன்னும் வாங்கவில்லை. பழைய செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறாள். க்ளைம் தாளைத் தானே திருப்பி வாங்கிக்கொண்டாள்.*

* இங்கே ஒரு சொந்த எண்ணத்தைச் சொல்ல அனுமதி வேண்டும். என் வாழ்க்கையில் எத்தனை முறை என்னை யாரோ மேலே வா, வெளிச்சம் இங்கே இருக்கிறது என்று கூப்பிட்டிருப்பார்கள். நான் ஏறி வந்து, போன செருப்புக்காகக் கடவுளிடம் சண்டை போட்டிருப்பேன். அந்தக் குழியை நான் பார்த்ததே இல்லை.

[செ.கு.: அடிக்குறிப்பு சங்கத்தின் கருத்து அல்ல.]

8

இனி நடந்தது.

போன ஞாயிறு பலராமன் யாரிடமும் சொல்லாமல் காலாப்பட்டு பஸ் ஏறியிருக்கிறார். மணலில் உட்கார்ந்து, கவனிப்புத் தாளை விரித்துக்கொண்டு, மாலைவரை பார்த்திருக்கிறார். பிறகு எழுந்து தண்ணீரை நோக்கி நடந்திருக்கிறார். பள்ளம் இருக்கிறதா என்று தானே சரிபார்க்க நினைத்தாரோ என்னவோ. மற்றதை வேம்பு எனக்குப் போனில் சொன்னார்.

“அண்ணே, உங்க பெரியவரு ஒருத்தர் வந்தாரு. பேண்ட மடிச்சுக்குனு நேரா பள்ளத்துக்குப் போறாரு. சார், ஒரு போட்டோ எடுக்கட்டுமான்னேன். அப்டியே நின்னுட்டாரு. என்ன ஒரு மாதிரி பாத்தாரு. திரும்பி மேல ஏறி வந்து நின்னாரு. எடுத்துட்டு அவரு போன அவருகிட்ட குடுத்தா, பத்து ரூவா குடுத்து ரசீது கேக்கறாரு. ரசீதுக்கு நான் எங்க போவேன்? சார், நீங்க சும்மாவே நில்லுங்கன்னுட்டேன்.”

டீ வாங்கிக் கொடுக்கவா என்று வேம்பு கேட்டிருக்கிறார். வேலையாக வந்த இடத்தில் எதுவும் வாங்கக் கூடாது என்று பலராமன் சொல்லியிருக்கிறார். பிறகு சைக்கிள் டீக்காரரிடம் அவரே போய் இரண்டு டீ வாங்கி வந்திருக்கிறார். வாங்கக் கூடாது என்றுதான் விதி; கொடுப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி குடித்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் பேசல. சக்கர ஜாஸ்தின்னாரு.”

அந்தப் படத்தை அன்று மாலை பலராமன் எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு வரி: மலருக்கு அல்ல. படத்தில் அவர் காய்ந்த மணலில், அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைப்பாக நிற்கிறார். பின்னால் கடல் பெரியதாகத் தெரிகிறது. இரண்டு செருப்புகளையும் கையில் பிடித்திருக்கிறார்.

அன்று அவர் நிரப்பிய தாளை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு டீக்கும் இதுவரை அவர் கணக்குக் கொடுக்கவில்லை என்று மட்டும் பொருளாளர் சொன்னார்.

[செ.கு.: டீ சொந்தச் செலவு.]

9

இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. மலர் அச்சாகி, வரும் ஞாயிறு பொதுக்குழுவில் உங்கள் கைக்கு வரும். அதற்குப் பிறகுதான் ஏழாம் பக்கம் வாக்கெடுப்புக்கு வரும். அந்தப் பக்கத்தோடு அறிக்கை போனால் சபையில் ஒருவர் அதை எடுத்துப் பேசுவார், சிரிப்பு வரும், மாதக் கடைசியில் வேம்பு சிவப்புச் சட்டையைக் கழற்றுவார். பக்கத்தை எடுத்துவிட்டால் எங்கள் மற்ற பக்கங்களை யாராவது சந்தேகிப்பார்கள். பலராமன் எப்படி வாக்களிப்பார் என்று கேட்காதீர்கள். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் மலரின் பிழைத்திருத்தம் பற்றிப் பேசினார்.

நான் உறுப்பினர் இல்லையே என்று நீங்கள் சொல்லித் தப்பிக்க முடியாது. இன்று காலை சோப்போ தீப்பெட்டியோ வாங்கியிருப்பீர்கள். அதில் ஒரு துளி வரியாகப் போய், ஏதோ ஒரு கரையில் நிற்கிற ஒருவருக்குச் சம்பளமாகிறது. அவர் இன்று என்ன செய்தார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள். பதில் சொல்ல அவரிடம் எதுவும் இல்லாமல் போகலாம்.

எனவே கையைத் தூக்குங்கள், அல்லது தூக்காமல் இருங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து, செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

[செ.கு.: கடைசி வரி இல்லாமலும் கதை நிற்கும். இருக்கட்டும்.]